வளர்ச்சி ஹார்மோன் ரத்தப் பரிசோதனை: முதல்முறை போகிறவர்களுக்கு

சில மாதங்களுக்கு ஒருமுறை யாராவது ஒரு தாளைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் லேப் கவுண்டருக்கு வருவார்கள். “ஜிஹெச் 0.2தான் வந்திருக்கு சார், பையன் இனி வளரவே மாட்டானா?” ஜிஹெச் என்றால் வளர்ச்சி ஹார்மோன். வேறு எங்கோ எடுத்த ரிப்போர்ட் அது. காலை ஒன்பது மணிக்கு, வெறும் வயிற்றில், ஒரே குத்து, ஒரே ட்யூப். அந்த 0.2 தப்பான எண் இல்லை. அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

காரணம் எளிது. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி வளர்ச்சி ஹார்மோனை ஒரே சீராக விடுவதில்லை. கார்ப்பரேஷன் தண்ணீர் மாதிரி: வரும்போது கொட்டும், மற்ற நேரம் குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும். அதிகமாக வருவது ராத்திரி, நன்றாக அசந்து தூங்கும்போது. வந்ததும் ரத்தத்தில் நெடுநேரம் தங்காது, சுமார் 20 நிமிடத்தில் பாதி காணாமல் போய்விடும். காலை ஒன்பது மணிக்கு ஒருமுறை குழாயைத் திறந்து பார்த்துவிட்டு ‘இந்தத் தெருவுக்குத் தண்ணீரே கிடையாது’ என்று முடிவு கட்டினால் எப்படி இருக்கும்? ஒற்றை ஜிஹெச் எண்ணை வைத்துக்கொண்டு பயப்படுவதும் அப்படித்தான்.

பிறந்த குழந்தைக்கு முதல் வாரத்தில் சுகர் இறங்கும்போது எடுக்கும் ஒற்றை ஜிஹெச்சுக்கு மதிப்பு உண்டு. அதைப் பிரசவ வார்டிலேயே டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள். நடந்து வந்து டோக்கன் எடுக்கிற வயதில் இருப்பவர்களுக்கு ஒற்றை ஜிஹெச் அநேகமாகத் தண்டச் செலவு.

ஊசிக்கு முன்னால் டேப்பு

குழந்தை குள்ளமாக இருக்கிறது என்று நேராக லேபுக்கு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, “போன வருஷம் எவ்வளவு உயரம்?” என்றுதான். பாதிப் பேருக்குத் தெரியாது. வாசல்நிலையில் பென்சில் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்திருக்கும் வீடு என்றால் டாக்டரின் வேலை பாதி முடிந்த மாதிரி.

அளக்கும்போது செருப்பு, தலைக் கொண்டை, ஹேர்பேண்ட் எதுவும் கூடாது. குதிகால், பிட்டம், முதுகு சுவரோடு ஒட்டி இருக்க வேண்டும். தலைக்கு மேல் அட்டையான ஒரு புத்தகத்தைச் சமமாக வைத்துக் கோடு போடுங்கள். எப்போதும் ஒரே நேரத்தில் அளப்பது நல்லது, ஏனென்றால் காலையில் இருக்கும் உயரம் சாயங்காலம் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் குறைந்திருக்கும். போன தடவை சாயங்காலமும் இந்தத் தடவை காலையும் அளந்தால் வளராத குழந்தையும் வளர்ந்த மாதிரி தெரியும்.

முதல் வருடம் ஒரு குழந்தை சுமார் 25 செ.மீ. வளரும், இரண்டாம் வருடம் சுமார் 12 செ.மீ. பிறகு மெல்லக் குறைந்து, பள்ளிக்கூட வயதில் வருடத்துக்கு 5, 6 செ.மீ. என்று நிற்கும். அந்த வயதில் வருடத்துக்கு 4 செ.மீ.கூட எட்டவில்லை என்றால் கவனிக்க வேண்டும். வகுப்பிலேயே குள்ளமாக இருந்தாலும் வருடா வருடம் 5 செ.மீ. தவறாமல் ஏறுகிற குழந்தையை விட, நடுவரிசையிலிருந்து முன்வரிசைக்கு நகர்ந்துகொண்டே வரும் குழந்தையைப் பற்றித்தான் டாக்டர் அதிகம் கவலைப்படுவார்.

பெற்றோர் உயரமும் தேவை. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி, பையனுக்கு 6.5 செ.மீ. கூட்டுங்கள், பெண்ணுக்கு 6.5 கழியுங்கள். அப்பா 168, அம்மா 150 என்றால் பாதி 159. பையன் 165.5ஐ ஒட்டியும் பெண் 152.5ஐ ஒட்டியும் வர வாய்ப்பு. இது தோராயம்தான். ஆனால் ‘என் பிள்ளை ஏன் ஆறடி ஆகவில்லை’ என்ற கேள்விக்கு இந்தக் கணக்கிலேயே பதில் கிடைத்துவிடும், ஊசியே வேண்டாம்.

முதல் சுற்று ரத்தம்

நல்ல டாக்டர் எடுத்ததும் ஜிஹெச் எழுத மாட்டார். வளர்ச்சி நின்றதற்கு ஹார்மோன் அல்லாத காரணங்கள்தான் அதிகம். அதனால் முதல் சீட்டில் ரத்த அணுக்கள், உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈஎஸ்ஆர், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், கல்லீரல், கால்சியம், தைராய்டு, கோதுமை ஒவ்வாத சீலியாக் நோய்க்கான சோதனை இப்படி ஒரு வரிசை இருக்கும். பெண் குழந்தை என்றால் குரோமோசோம் பரிசோதனையும் சேரும். குரோமோசோம் குறையால் வரும் டர்னர் சிண்ட்ரோம் என்ற நிலையில் சில பெண் குழந்தைகளுக்குக் குள்ளமாக இருப்பதைத் தவிர வெளியே வேறு எந்த அடையாளமும் தெரியாமல் இருக்கும். கூடவே இடது கை மணிக்கட்டில் ஒரு எக்ஸ்ரே. எலும்பின் வயது, அதாவது எலும்பு எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்பது, அதில் தெரியும்.

இதில் தைராய்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். தைராய்டு குறைவாக இருந்தால் வளர்ச்சி ஹார்மோனும் சரியாகச் சுரக்காது. அதைச் சரிசெய்யாமல் பெரிய சோதனைக்குப் போனால் ஜிஹெச் குறை இல்லாத குழந்தைக்கும் குறை இருக்கிற மாதிரிதான் ரிப்போர்ட் வரும். மாத்திரை கொடுத்து, தைராய்டு நிலைக்கு வந்த பிறகுதான் அடுத்த கட்டம்.

இந்தச் சுற்றிலேயே பெரும்பாலும் ஐஜிஎஃப்-1 என்ற பெயரையும் பார்ப்பீர்கள். வளர்ச்சி ஹார்மோன் கல்லீரலுக்குப் போய்ச் சொன்னால் அது இந்தப் பொருளைத் தயாரித்து ரத்தத்தில் விடும். இது நாள் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். தெருக்குழாயில் காற்று வந்தால் என்ன, வீட்டு சம்ப்பைத் திறந்து எட்டிப் பார்த்தால் தண்ணீர் வருகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும் அல்லவா, அந்த மாதிரி. இதற்கு ஒரு குத்து போதும், எந்த நேரமும் எடுக்கலாம்.

ஆனால் சம்ப்பு காலியாக இருப்பதற்கு வேறு காரணமும் இருக்கலாம். சரியாகச் சாப்பிடாத குழந்தைக்கு ஐஜிஎஃப்-1 இறங்கிவிடும். கல்லீரல் நோய், கட்டுப்படாத சர்க்கரை, தைராய்டு குறைவு இவற்றிலும் இறங்கும். கர்ப்பத்தடை மாத்திரை போன்ற ஈஸ்ட்ரோஜன் மாத்திரைகளும் குறைத்துக் காட்டும். பருவ வயதில் கிடுகிடுவென்று ஏறும். 100 நானோகிராம் என்பது நான்கு வயதுக் குழந்தைக்குச் சாதாரணம், பதினான்கு வயதுப் பையனுக்குக் குறைவு. அதனால் பதிவு செய்யும்போது பிறந்த தேதியைச் சரியாகச் சொல்லுங்கள். பள்ளியில் சேர்க்க மாற்றிக் கொடுத்த தேதி இங்கே வேண்டாம்!

தூண்டிப் பார்க்கும் நாள்

முதல் சுற்றில் சந்தேகம் வலுத்தால் ஸ்டிமுலேஷன் டெஸ்ட் எழுதுவார்கள். தண்ணீர் தானாக வரும்வரை காத்திருக்காமல் மோட்டாரைப் போட்டுப் பார்ப்பது. ஒரு மருந்து கொடுத்துச் சுரப்பியை உசுப்பி, அரை மணிக்கு ஒருமுறை ரத்தம் எடுத்து, எவ்வளவு உயரத்துக்கு ஏறுகிறது என்று பார்ப்போம்.

இந்த யோசனை பழையது. ரத்தத்தில் இருக்கும் நுண்ணிய அளவு ஹார்மோனை அளக்கும் முறையைக் கண்டுபிடித்த ரோசலின் யாலோ, சாலமன் பெர்சன் குழு, இன்சுலின் கொடுத்துச் சுகரை இறக்கினால் வளர்ச்சி ஹார்மோன் சட்டென்று ஏறுகிறது என்று 1963இல் காட்டியது. யாலோவுக்கு 1977இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த இன்சுலின் சோதனை இன்றும் இருக்கிறது. அதில் சுகர் வேண்டுமென்றே 40 மி.கி. வாக்கில் இறக்கப்படும். டாக்டர் பக்கத்திலேயே நிற்க வேண்டும், குளுக்கோஸ் கையில் தயாராக இருக்க வேண்டும். வலிப்பு, இதயக் கோளாறு உள்ளவர்களுக்குச் செய்யக் கூடாது. தெருமுனை கலெக்‌ஷன் சென்டரில் இன்சுலின் சோதனை செய்கிறோம் என்று யாராவது சொன்னால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள்.

குழந்தைகளுக்கு நாங்கள் அதிகம் பார்ப்பது குளோனிடின் சோதனை. குளோனிடின் பிரஷருக்கான பழைய மாத்திரை. குழந்தையின் உடல் பரப்பளவுக்குக் கணக்குப் போட்டு டாக்டர் அளவு எழுதுவார். குளுக்ககான் ஊசி, ஆர்ஜினின் சொட்டு மருந்து என்று வேறு வழிகளும் உண்டு. குளுக்ககானில் வாந்தி வரும், நேரமும் அதிகம் பிடிக்கும். சில இடங்களில் முதலில் குழந்தையை 20 நிமிடம் படியேறி இறங்கவைத்து ஒரு ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். அதிலேயே நன்றாக ஏறிவிட்டால் மற்றது வேண்டாம்.

பத்து வயது தாண்டிய பெண், பதினொன்று தாண்டிய பையன், பருவ அறிகுறி இன்னும் எட்டிப் பார்க்கவில்லை என்றால், சோதனைக்குச் சில நாள் முன்பு கொஞ்சம் பருவ ஹார்மோன் கொடுக்கும் பழக்கம் பல டாக்டர்களிடம் உண்டு. பையனுக்கு ஏன் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை என்று ஒரு அப்பா சீட்டைக் காட்டிச் சண்டைக்கே வந்துவிட்டார். அது தவறி எழுதியதல்ல. பருவம் தள்ளிப்போகிற பிள்ளைகளுக்குச் சுரப்பி மந்தமாக இருக்கும், அதை விழிக்க வைப்பதற்கான ஏற்பாடு.

முதல் நாள் ராத்திரி வழக்கமான சாப்பாடு. பிறகு எதுவும் வேண்டாம், தண்ணீர் குடிக்கலாம். கைக்குழந்தை என்றால் எத்தனை மணி நேரம் என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள், பெரியவர்கள் கணக்கில் பட்டினி போடக் கூடாது. எந்த மருந்து சாப்பிட்டாலும் சொல்லுங்கள். வீசிங்குக்காக இழுக்கும் ஸ்டீராய்டு, ஊரில் யாரோ கொடுத்த சத்துப் பொடி, எல்லாவற்றையும். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் குறிப்பாகச் சொல்ல வேண்டும். சில எந்திரங்களின் வேலை முறையிலேயே பயோட்டின் இருப்பதால், ரத்தத்தில் அது அதிகம் இருந்தால் ஜிஹெச் பொய்யாகக் குறைந்து காட்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017இல் இதைப் பற்றி எச்சரித்தது. இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வோம்.

காலையில் வந்ததும் கையில் ஒரு வென்ஃப்ளான் போடுவோம், நரம்புக்குள் பொருத்தி வைக்கும் சின்னக் குழாய் அது. இந்த ஒரு குத்துதான் வலி, அப்புறம் எல்லா ரத்தமும் அதிலிருந்தே. போட்டதும் ரத்தம் எடுத்துவிட மாட்டோம், அரை மணி நேரம் படுக்க வைப்போம். பயத்திலும் அழுகையிலும்கூட ஜிஹெச் ஏறும். அந்த அரை மணியில் குழந்தையைச் சமாதானப்படுத்துவது உங்கள் வேலை. கதைப் புத்தகம், செல்போன் எது வேண்டுமானாலும் சரி. இன்று ஒரு நாள் செல்போனுக்குத் திட்டாதீர்கள்.

பிறகு முதல் ட்யூப். அதில் ‘0 – 7.42’ என்று எழுதுவோம். மாத்திரை. 8.12க்கு ‘30’. 8.42க்கு ‘60’. 9.12க்கு ‘90’. சில இடங்களில் 120ஆவது நிமிடமும் உண்டு. குளோனிடினில் உச்சம் பெரும்பாலும் 60, 90 நிமிடங்களில் வரும். ஒருமுறை 60ஆவது நிமிடம் வென்ஃப்ளான் அடைத்துக்கொண்டது. உப்புத்தண்ணீர் தள்ளி, கையைத் திருப்பி, கடைசியில் வேறு கையில் குத்தி எடுத்தபோது 74ஆவது நிமிடம். உதவிக்கு நின்ற பெண் பழக்கத்தில் ‘60’ என்று எழுதப் போனார். அழித்து 74 என்று எழுத வைத்தேன். 74 என்று தெரிந்தால் டாக்டர் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வார். பொய்யான 60 அவரைக் குழப்பிவிடும். நீங்களும் உங்கள் செல்போனில் ஒவ்வொரு முறையும் நேரத்தைக் குறித்து வையுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

“இவ்வளவு ரத்தம் எடுக்கிறீங்களே” என்று பாட்டிமார்கள் பதறுவார்கள். ஒரு ட்யூபுக்கு 2 மி.லி. என்று வைத்தால் ஐந்துக்கும் சேர்த்து 10 மி.லி., இரண்டு டீஸ்பூன். 20 கிலோ எடையுள்ள குழந்தையின் உடம்பில் ஒன்றரை லிட்டர் ரத்தம் இருக்கிறது.

குளோனிடின் கொடுத்த அரை மணியில் குழந்தை கண் சொக்கும். தூங்கினால் தூங்கட்டும். முகம் வெளிறும், பிரஷர் இறங்கும், அதனால்தான் நர்ஸ் அடிக்கடி வந்து பிரஷர் பார்ப்பார். ஒன்றுக்குப் போக வேண்டும் என்றால் தனியாக எழுப்பி நடக்க விடாதீர்கள், தலைசுற்றி விழுந்துவிடும். கடைசி ட்யூப் முடிந்ததும் கொண்டுபோன இட்லியைக் கொடுங்கள், நிறையக் குடிக்கக் கொடுங்கள். பிரஷர் நிலைக்கு வந்ததும் அனுப்புவார்கள். அப்போதும் தூக்கம் முழுதாகப் போயிருக்காது. டூவீலரில் நடுவில் உட்கார வைத்துக் கூட்டிப்போகும் யோசனை வேண்டாம், ஆட்டோவுக்குக் காசு எடுத்து வாருங்கள். அன்று பள்ளிக்கூடம் லீவுதான்.

பெரியவர்களுக்குத் தலைகீழ்ச் சோதனை

ஹார்மோன் அதிகமாகச் சுரக்கும் பக்கமும் இருக்கிறது. வளரும் வயதில் அப்படி ஆனால் உயரம் எல்லை மீறும். 272 செ.மீ. உயரம் வளர்ந்த அமெரிக்கர் ராபர்ட் வாட்லோ அப்படிப்பட்டவர். எலும்பு வளர்ச்சி முடிந்த பிறகு அப்படி நேர்ந்தால் உயரம் ஏறாது, கை, கால், தாடை பருக்கும். அக்ரோமெகலி என்பார்கள். பல வருடம் யாரும் கண்டுபிடிக்காமல் ஓடிவிடும். கல்யாண மோதிரம் விரலில் இறுகுவது, செருப்பு அளவு 8இலிருந்து 10 ஆவது, பல் இடைவெளி விடுவது, பக்கத்து அறை வரை கேட்கும் குறட்டை, காரணமில்லாத வியர்வை, கூடவே பிரஷரும் சுகரும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டாக்டரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பத்து வருடத்துக்கு முந்தைய போட்டோவை எடுத்துப் போங்கள், ஹார்மோன் டாக்டர் அதைத்தான் முதலில் கேட்பார்.

இங்கே முதல் சோதனை ஐஜிஎஃப்-1. வயதுக்கு மீறி இருந்தால் அடுத்தது குளுக்கோஸ் குடிக்கும் சோதனை. 75 கிராம் குளுக்கோஸை ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கரைத்து ஐந்து நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். குமட்டும். மெதுவாக, ஆனால் விடாமல் குடியுங்கள். வாந்தி எடுத்துவிட்டால் சோதனை வேறு நாளைக்குப் போய்விடும். அரை மணிக்கு ஒருமுறை இரண்டு மணி நேரம் வரை, ஜிஹெச்சுக்கு ஒரு ட்யூப், சுகருக்குச் சாம்பல் மூடி ட்யூப்.

சுகர் ஏறினால் ஜிஹெச் இறங்க வேண்டும், அதுதான் இயல்பு. ஏதாவது ஒரு ட்யூபிலாவது 1 நானோகிராமுக்குக் கீழே போயிருக்க வேண்டும் என்று ஹார்மோன் டாக்டர்களின் சங்கமான அமெரிக்க எண்டோக்ரைன் சொசைட்டியின் 2014 வழிகாட்டுதல் சொல்கிறது. நுட்பமான எந்திரங்களில் 0.4 வரை கேட்பவர்களும் உண்டு. சுரப்பியில் கட்டி இருந்தால் குளுக்கோஸுக்கு அது மசியாது. ஏற்கெனவே சர்க்கரை நோய் இருப்பவர் அதை டாக்டரிடமும் லேபிலும் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும்

தூண்டல் சோதனை ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டியது உச்ச எண்ணை. முதல் ட்யூபில் 0.1 இருந்தாலும் கவலை இல்லை. வெகுநாள் எல்லைக்கோடு 10 நானோகிராம். எந்திரங்கள் மாறிய பிறகு பல டாக்டர்கள் 7 என்று வைத்திருக்கிறார்கள். எனவே 8.4 வந்த குழந்தைக்கு ஒருவர் குறை என்பார், இன்னொருவர் இல்லை என்பார். இருவரும் ஏமாற்றவில்லை. ஒரே ரத்தத்தை இரண்டு கம்பெனி எந்திரத்தில் போட்டாலே எண் மாறும். அதனால் எல்லாச் சோதனையையும் ஒரே லேபில் செய்வது உத்தமம். அலகையும் பாருங்கள்: சில தாள்களில் மில்லி யூனிட் இருக்கும், அதில் 30 என்றால் நானோகிராமில் சுமார் 10.

கொழுகொழுவென்று இருக்கும் குழந்தைக்கு உச்சம் குறைவாகவே வரும், குறை இல்லாவிட்டாலும். ஒரு சோதனையில் தோற்றால் பெரும்பாலும் வேறு மருந்தால் இரண்டாவது சோதனையும் செய்துதான் முடிவெடுப்பார்கள். இரண்டிலும் ஏறவில்லை என்றால் பிட்யூட்டரிக்கு எம்ஆர்ஐ. அரிதாக ஜிஹெச் ஏராளமாக இருந்தும் ஐஜிஎஃப்-1 தரையில் கிடக்கும். தெருக்குழாய் கொட்டுகிறது, சம்ப்புக்குப் போகும் பைப்பில் அடைப்பு. லாரோன் சிண்ட்ரோம் என்று பெயர், அதற்கு வைத்தியமே வேறு.

இந்த எண்களைக் குடும்ப டாக்டரோடு நிறுத்தாமல் எண்டோக்ரைனாலஜி என்ற ஹார்மோன் துறை உள்ள இடத்துக்குக் கொண்டுபோங்கள். வேலூர் சிஎம்சியிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் இருக்கிறது, பெரிய நகரங்களிலும் டாக்டர்கள் உண்டு. உயரக் குறிப்பு, எக்ஸ்ரே, நேரம் போட்ட ரிப்போர்ட் மூன்றும் ஒரே ஃபைலில் இருக்கட்டும்.

குறை உறுதியாகி வளர்ச்சி ஹார்மோன் ஊசி ஆரம்பித்துவிட்டால், அந்த வைத்தியம் நடக்கும்வரை ஸ்டிமுலேஷன் கிடையாது. சில மாதங்களுக்கு ஒருமுறை ஐஜிஎஃப்-1, தைராய்டு, சுகர், கூடவே அதே பழைய டேப்பு. தினமும் போடும் ஊசி என்றால் ஐஜிஎஃப்-1ஐ எந்த நாளும் எடுக்கலாம். வாரம் ஒருமுறை போடும் ஊசியில் அப்படி இல்லை, போட்ட இரண்டாம் நாள் ஒரு எண்ணும் ஆறாம் நாள் வேறு எண்ணும் வரும். எந்த நாளில் எடுக்க வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கவுண்டரில் பில் போடும்போதே “கடைசி ஊசி ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணி” என்று சொல்லி, சீட்டில் எழுத வைத்துவிடுங்கள்.